கப்சிப்பின் கேம் ஷாஃப்ட்

என் வீட்டுக்காரரை இங்கே எல்லோரும் கப்சிப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. “கப்சிப் இருக்காரா?” என்று ஷெட் வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் ஏதாவது ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி “ம்” என்பார். கோபமே வராது. கோபப்பட்டால் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்குமே, அந்தத் தொல்லை எதற்கு என்று விட்டுவிடுவார்.

கல்யாணமான புதிதில், இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்து மாமியாரிடமே கேட்டுவிட்டேன். “அட போம்மா, அவன் பொறந்தப்பவே அழலை. டாக்டர் ரெண்டு தட்டு தட்டினப்புறம்தான் சத்தமே வந்துச்சு” என்றார் அத்தை. அந்த டாக்டரின் கை எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு.

பேசாதவர் என்றால் வேலை செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வேலையில் புலி. ஆனால் செய்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது அங்கேதான். ஒரு தடவை வாசல் பூட்டு சரியில்லை, சரியில்லை என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டியூட்டி முடிந்து கொட்டுகிற மழையில் வந்து சாவியைப் போட்டால் நுழையவே இல்லை. உள்ளே அத்தை டிவியை அலறவிட்டிருந்தார். கதவைத் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். சந்து வழியாக நனைந்துகொண்டு பின்பக்கம் இவர் ஷெட்டுக்கு ஓடினேன். “பூட்டு மாத்திட்டேன்” என்றார். “சொல்ல வேண்டாமா?” என்று கத்தினேன். “சாவி உன் பையிலதான இருக்கு” என்றார். பார்த்தால் காலையிலேயே என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் புதுச் சாவியைப் போட்டு வைத்திருக்கிறார். நல்ல பூட்டு, நல்ல சாவி, நல்ல மனிதர். நான் மட்டும் சொட்டச் சொட்ட நின்றேன்.

ஷெட் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்க இடம். என் சமையலறை ஜன்னல் அதைப் பார்த்துத்தான் திறக்கிறது. அந்த ஜன்னல் வழியாக நான் பார்த்த வரையில், வாழ்நாள் முழுக்க டாக்ஸிகளுக்கும் பால் வேன்களுக்கும் பிரேக் கட்டை மாற்றுவது, ஆயில் மாற்றுவது, கிளட்ச் பிரிப்பது, இதுதான் அவர் வேலை. வேகத்துக்கென்று செய்த வண்டி எதுவும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்ததில்லை. அப்படி ஒரு வண்டியைத் தொட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது. யாரிடமாவது சொன்னால்தானே தெரியும்?

நான் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. ஒரு நோயாளியிடம் “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் நான் முழுசாகக் கேட்ட பதில்கள் குறைவு. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு போகும் நர்ஸ் வேலை ஒன்று காலியானது. படுக்கையில் கிடப்பவர்களை அவரவர் வீட்டில் போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். நைட் டியூட்டி கிடையாது. எனக்கென்றே செய்த வேலை. எங்கள் பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். சொந்தக் கார் இருக்கு, லைசென்ஸ்தான் இல்ல. மாசக் கடைசிக்குள்ள வாங்கிட்டு வந்துடு. இல்லைன்னா கண் வார்டு சிஸ்டருக்குத்தான் போகும், அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு” என்றார்.

கார் இருந்தது. வயசான வெள்ளைக் கார். ஆனாலும் பசு மாதிரி. திருப்பினால் திரும்பும், நிறுத்தினால் நிற்கும். காலி மைதானத்தில் அவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டிப் பழகினேன். அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. நான் தப்பாகக் கியர் போட்டால் பல்லைக் கடிப்பார், சரியாகப் போட்டால் கடிக்க மாட்டார். அதை வைத்தே கற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சனியன் வந்தது.

கார் பைத்தியம் ஒருவன் இவரிடம் வாடிக்கை. எங்கள் காரைப் போலவே ஒன்று வைத்திருந்தான். அதற்குப் போட ரேஸ் கேம் ஷாஃப்ட் ஒன்றை வரவழைத்து, ஷெட்டில் வைத்துவிட்டுப் போனான். போனவன் திடீரென்று காரை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டான். “அண்ணே, அத நீங்களே வச்சுக்குங்க” என்று போனில் சொன்னானாம். அது அலமாரியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி கிடந்தது. இவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியதும் போய் அதைப் பிரித்துப் பார்ப்பார், துடைப்பார், திரும்பச் சுற்றி வைப்பார். பச்சைக் குழந்தையைத் தொட்டில் துணியை விலக்கிப் பார்ப்பது போல இருக்கும். நானும் சரி, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியிலிருந்து வந்தால், வாசலில் எங்கள் கார் நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தது. குளிர் ஜுரம் வந்த நோயாளி கட்டிலோடு சேர்ந்து ஆடுவானே, அந்த ஆட்டம். குடு... குடுகுடு... குடு என்று சத்தம். நம்பர் பிளேட் தனியாகத் தாளம் போட்டது.

“என்னங்க ஆச்சு இதுக்கு?”

“ஒண்ணுமில்ல. கேம் மாத்தினேன்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். நான் அந்த ஆண்டியோடு குடித்தனம் நடத்துகிறேன். “பழசு எங்க?” என்றேன். தேய்ந்துபோயிருந்ததாம், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாராம். எனக்கு டெஸ்ட் தேதி கொடுத்திருந்தது அடுத்த வாரம்.

கேம் ஷாஃப்ட் என்றால் என்ன என்று எனக்கும் அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்து வந்தது. இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. எந்தக் கதவை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பதை அந்தத் தண்டுதான் முடிவு செய்கிறது. ரேஸ் தண்டு கதவுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். வேகமாக ஓடும்போது அது நல்லது. நிறையக் காற்று, நிறைய பலம். ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது, அதுதான் ஐடிலிங் என்கிறார்களே, அப்போது உள்ளே வருவது எது வெளியே போவது எது என்று இன்ஜினுக்கே தெரியாமல் திணறும்.

பொய் சொல்லக் கூடாது, ஓடும்போது அம்பு மாதிரிதான் போயிற்று. அகலமான ரோட்டில் இவர் ஒருமுறை மிதித்துக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் எனக்கு அம்பு எதற்கு? படுத்த படுக்கையாக இருக்கிறவர் எங்கே ஓடிவிடப் போகிறார்? எனக்கு வேண்டியது சிக்னலில் அணைந்துபோகாமல் நிற்கிற ஒரு கார்.

முதல் டெஸ்டில் கார் மூன்று இடத்தில் ஆஃப் ஆனது. மூன்றாவது முறை, நடந்து கடப்பவர்களுக்கான கோடுகளின் மேலேயே. டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் வழுக்கைத் தலையும் கறார் குரலுமாக இருந்தார். “இன்னும் பழகிட்டு வாங்கம்மா” என்று மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, தப்பு என்மேல் இல்லை, கார்மேல்தான் என்றேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, “ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்” என்றார். இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, “இல்லம்மா, வண்டிலதான் கோளாறு” என்று சொல்லியிருக்கலாம். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் ஷெட்டுக்குப் போனார். அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் வீட்டில் கார்ப்பரேட்டர் யுத்தம்.

காரின் முன்பலகையில் சின்னதாக ஒரு மீட்டரை ஒட்டினார். அதன் ஒயர் போய் சைலன்சர் குழாய்க்குள் முடிந்தது. உள்ளே எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று அந்த மீட்டர் நம்பர் காட்டும். “பதினாலு புள்ளி ஏழு” என்றார் என்னிடம். அவராக வந்து சொன்ன அபூர்வமான விஷயங்களில் அது ஒன்று. “கிட்டத்தட்ட பதினாலே முக்கால் பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல். அந்த நம்பர் வந்துட்டா எந்த இன்ஜினும் அமைதியா நிக்கும்.”

நம்பர் வரவில்லை. மீட்டர் பதினேழு என்றது. பதினேழு என்றால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தமாம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்புகிற கார்ப்பரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினார். கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் போயிற்று. மீட்டர் பதினேழிலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கார் இன்னும் மோசமாக ஆடியது. மீட்டர் பதினேழரை என்றது. அவர் மறுபடியும் திருப்பினார்.

என் சமையலறைத் திரைச்சீலை கறுத்துப்போனது. கண் எரிந்தது. பாலில் பெட்ரோல் வாசம் வருகிறது என்று அத்தை டம்ளரைத் தள்ளி வைத்தார். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரியில் தோய்த்து எடுத்தது போல இருக்கும். இவர் அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, திரும்பவும் மீட்டரைப் பார்த்து உட்காருவார். “இவ்வளவு புகை வருதே, பெட்ரோல் ஜாஸ்தியா இருக்குமோ?” என்று ஒருமுறை ஜன்னலிலிருந்து கேட்டேன். மீட்டரைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். ஐடிலிங் வேகத்தையாவது கூட்டி வையுங்கள், அணையாமல் இருக்கட்டும் என்றேன். அதற்கு மட்டும் பதில் வந்தது. “நிமிஷத்துக்கு எண்ணூறு சுத்துக்கு மேல வச்சுத்தான் ஒரு வண்டிய நிக்க வைக்கணும்னா, அவன் மெக்கானிக்கே இல்ல.”

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். அம்மி நகரும். இவர் நகர மாட்டார்.

இரண்டாவது டெஸ்டுக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். நிற்கிற இடத்தில் எல்லாம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வலது காலை ஆக்சிலேட்டரில் வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பது. தட்டிக்கொண்டே இருந்தால் அணையாது. தெருத்தெருவாக அப்படியே பழகினேன். கைக்கும் காலுக்கும் அது தானாக வரும் அளவுக்குப் பழகினேன். ஸ்டியரிங் ஆடினால் வண்டி உயிரோடு இருக்கிறது, ஆடவில்லை என்றால் போய்விட்டது, உடனே சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்க வேண்டும். இதுதான் எனக்குத் தெரிந்த கார் ஓட்டுதல். டெஸ்டில் அதையே செய்தேன். நிறுத்தக் கோட்டில் வ்ரூம், வ்ரூம் என்று உறுமிக்கொண்டு நின்றேன். பச்சை விழுந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டேன், கார் தவளை மாதிரி தாவியது. இன்ஸ்பெக்டரின் பேனா பின்சீட்டில் போய் விழுந்தது.

“ரேஸ் பண்ணாதீங்கம்மா. கால் பிரேக்ல இருக்கணும். இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான். அதுலயும் விட்டா ஆறு மாசம் கழிச்சுத்தான் வரணும்” என்றார்.

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சண்டை பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். டிரைவிங் ஸ்கூல் காரிலாவது போகிறேன் என்றால், அவர்களிடம் பழகியவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். அத்தை வேறு, “மெக்கானிக் பொண்டாட்டி வாடகை வண்டில டெஸ்ட்டுக்குப் போனா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?” என்றார். சிரிக்கட்டுமே! இப்போது மட்டும் என்ன அழுகிறார்களா? நான் நேராக ஷெட்டுக்குப் போய் இவர் முன்னால் நின்றேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் கார் ஓட்டறது உங்களுக்குப் பிடிக்கலையா? நான் அந்த வேலைக்குப் போகக் கூடாதா? அதுக்குத்தான் இப்படிப் பண்றீங்களா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கேட்ட கேள்வி அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் வலிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கடைசி டெஸ்டுக்கு இரண்டு நாள் இருந்தபோது டீ கொடுக்கப் போனேன். டம்ளரை வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனிதர் காருக்குள் உட்கார்ந்து பதினேழையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததில் கோபமும் வந்தது.

“இன்னைக்கு வார்டுல ஒரு கூத்து” என்று ஆரம்பித்தேன். “கூட இருக்கற சிஸ்டர் ஓடி வர்றா. ‘அந்தத் தாத்தாவுக்கு ஆக்சிஜன் எண்பத்திரண்டு, மாஸ்க் போடணும்’ங்கறா. போய்ப் பார்த்தா, விரல்ல மிஷின் கிளிப்ப மாட்டிக்கிட்டு, டீல சக்கரை கம்மின்னு அந்த ஆள் சண்டை போட்டுட்டு இருக்காரு. மூச்சு முட்டறவன் சண்டை போடுவானா? கையத் தொட்டா ஐஸ். இப்பத்தான் குழாய்ல கை கழுவிட்டு வந்திருக்காரு. நல்லாத் தேய்ச்சு விட்டேன். தொண்ணூத்தேழு காட்டுச்சு. மிஷின் மேல தப்பில்லைங்க. அது விரலைத்தான் பார்க்குது. ஆளை நாமதான் பார்க்கணும்.”

அவர் டீயைக் குடித்தார்.

“உங்க ஆள் கண்ணெரியற அளவுக்குப் பெட்ரோல் நாத்தம் அடிக்கறான். அவனுக்குப் பெட்ரோல் பத்தலைன்னு ஒரு டப்பா சொல்லுது. நீங்களும் ஊத்திட்டே இருக்கீங்க.”

“ம்” என்றார். செவிடன் காதில் சொன்ன மாதிரிதான் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தொடர்ந்து டியூட்டி. ஷெட் பக்கம் நான் போகவில்லை, காரிலும் ஏறவில்லை.

டெஸ்ட் அன்றும் காலை டியூட்டி. முடிந்ததும் கூட வேலை பார்க்கிற சிஸ்டரின் ஸ்கூட்டரில் ஏறி நேராக டெஸ்ட் மைதானத்துக்குப் போனேன். இவர் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வேலி ஓரமாக நின்றிருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

“வண்டில ஏதாவது பண்ணீங்களா?”

“ம்.”

தினமும் ஏதாவது பண்ணிக்கொண்டுதான் இருந்தார், தினமும் “ம்” என்றுதான் சொன்னார். இந்த “ம்” வேறு “ம்” என்று எனக்கு யார் சொல்வது? சாவியை வாங்கிக்கொண்டு ஏறினேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், இந்த முறை பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு. தூறலுக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தேன். செல்ஃப் அடித்தேன், பழக்கத்தில் வலது காலால் தட்டிக்கொண்டே இருந்தேன், முதல் கியர் போட்டேன், கிளம்பினேன். வளைவு நன்றாக வந்தது. ரிவர்ஸ் எடுத்தது அதைவிட நன்றாக வந்தது. மேட்டில் ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்குள் ஒருத்தி ஏற்கெனவே வீட்டுக்கு வீடு போக ஆரம்பித்திருந்தாள்.

கடைசியாக நிறுத்தக் கோடு. விளக்கு சிவப்பு. பக்கத்து வரிசையில் பெரிய வண்டி டெஸ்டுக்கு வந்த லாரி ஒன்று காதைப் பிளக்கும் சத்தத்தோடு நின்றது. ‘கால் பிரேக்ல இருக்கணும்’ என்று போன தடவை சொன்னது ஞாபகம் வந்தது. இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்கில். ஆக்சிலேட்டரைத் தொடவில்லை.

ஸ்டியரிங் ஆடவில்லை.

சீட் ஆடவில்லை. கண்ணாடி ஆடவில்லை. கார் செத்த பிணமாக நின்றது. அய்யோ, போயிற்றே, கடைசி இடத்தில் வந்து போயிற்றே! விளக்கு மாறுவதற்குள் எழுப்பிவிடலாம் என்று என் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

ஓடுகிற இன்ஜினில் செல்ஃப் அடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? இரும்பை இரும்பு கடித்துத் துப்புகிற சத்தம். லாரிக்காரனே தலையை நீட்டிப் பார்த்தான். நான் பதறிக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கார் முன்னால் குதித்து, கோட்டைத் தாண்டி, இந்த முறை நிஜமாகவே அணைந்தது.

“என்னம்மா பண்றீங்க?” இன்ஸ்பெக்டருக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான். “வண்டி நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு?”

காரை ஓரங்கட்டிவிட்டு நான் இறங்கி வேலியை நோக்கி நடந்தபோது இவர் எனக்கு எதிரே வேகமாக வந்தார். முகம் முழுக்க அந்தச் சிரிப்பு, அகலமான ரோட்டில் வந்த சிரிப்பு. “கோட்டுல நிறுத்தினப்ப பார்த்தியா? எப்படி நின்னுச்சு பார்த்தியா? கொஞ்சம்கூட ஆடலை!” என்றார். கார் நின்ற அழகைப் பார்த்து மயங்கியிருந்த மனிதருக்கு, அடுத்து வந்த சத்தம் எங்கள் காருடையது என்றே உறைக்கவில்லை. லாரி என்று நினைத்துவிட்டாராம்.

“நான் ஃபெயில்” என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. என்ன நடந்தது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

“வண்டி சரியாயிடுச்சு, இனிமே ஆடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?”

“உட்கார்ந்ததும் நீயே கண்டுபிடிப்ப... சந்தோஷப்படுவன்னு...” என்றார்.

அங்கேயே மழையில் நின்று பெரிய சிஸ்டருக்குப் போன் போட்டேன். “அடடா” என்றார். “என்னால ஆறு மாசம் பிடிச்சு வைக்க முடியாதும்மா.” புரிகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். கண் வார்டு சிஸ்டர் நல்ல பெண்தான். நோயாளிகளிடம் அன்பாகப் பேசுவாள். அதுவும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்பியது.

திரும்பிப் பார்த்தால் இவர் ஓட்டுகிற சீட்டை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். கெஞ்சவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். மீட்டர் இருந்த இடத்தில் பசை மட்டும் ஒட்டியிருந்தது.

“எப்படிச் சரி பண்ணீங்க?” கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

“நீ சொன்னதுதான்” என்றார். பிறகு, என் வாழ்க்கையில் முதன்முறையாக, நிறுத்தாமல் பேசினார். “இந்தக் கேம்ல ரெண்டு கதவும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கு. நிக்கறப்ப எரியாத காத்து அப்படியே சைலன்சர் பக்கம் போயிடுது. மீட்டர் அந்தக் காத்தைத்தான் பார்க்குது. பார்த்துட்டு பெட்ரோல் பத்தலைங்குது. அது பேச்சைக் கேட்டு நான் ஊத்தி ஊத்தி மூச்சு முட்ட வச்சிருக்கேன். நீ விரல் கதை சொன்னதும் டப்பாவைப் பிடுங்கிட்டேன். ஸ்க்ரூவை உள்ள திருப்பிட்டே வந்தேன், இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு. ஒரு இடத்துல நின்னுச்சு பாரு...” குரல் தாழ்ந்தது. “ஐடிலிங்க ஆயிரத்து நூறுல வச்சிருக்கேன்.”

செய்யக் கூடாத பாவத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். எனக்காகத்தான் அதையும் செய்திருக்கிறார் என்று புரிந்தது. என் வாயால் சொன்ன வைத்தியத்திலேயே நான் ஃபெயில் ஆகியிருக்கிறேன் என்பதும் புரிந்தது. அழுவதா, அவரை இறக்கிவிட்டுவிட்டுப் போவதா என்று தெரியவில்லை.

முதல் சிக்னல் வந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். ஸ்டியரிங் ஆடவில்லை. என் கை சாவிக்குப் போவதற்குள் அவர், “ஓடிட்டுதான் இருக்கு” என்றார், மெதுவாக.

அடுத்த சிக்னலிலும் சொன்னார். “ஓடிட்டு இருக்கு.” பால் வேன் ஒன்று குறுக்கே வந்து நின்றேன், அங்கேயும் சொன்னார். மூன்றாவது சிக்னலில் கார் முழுசாக நிற்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் ஒரு வார்த்தைக்கு ஏங்கியவளுக்கு இப்படியா கிடைக்க வேண்டும்? வேலை போன பிறகு, லைசென்ஸ் போன பிறகு, சிக்னலுக்கு ஒன்றாக!

“தெரியுதுங்க! எனக்கென்ன காது இல்லையா? வாயை மூடிட்டு வாங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் தெரு திரும்புவதற்கு முன்னால் இன்னொரு சிக்னல் இருக்கிறது. நிறுத்தினேன். மழை கண்ணாடியில் வழிந்தது. அத்தையிடம் போய் என்ன சொல்வது, நாளைக்குக் கண் வார்டு சிஸ்டரைப் பார்த்தால் எப்படிச் சிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கார் அசையாமல் நின்றது. பக்கத்தில் அவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் கை போய்ச் சாவியைத் திருப்பியது.

மறுபடியும் அதே சத்தம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“நீதான சொல்லாதன்னே” என்றார் அவர்.